வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறதாம்!

ஈரோட்டுப் பக்கம் ஏலத்துக்கு மஞ்சள் கொண்டுபோனவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். ஒன்பது மாதம் காட்டில் காத்துக் கிடந்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு எடுத்தால் பச்சை மஞ்சள் 100 கிலோவுக்கு 20 கிலோ தேறினாலே பெரிய விஷயம். அதை விற்கப் போனால் அங்கே ஒரு கூத்து.

மூட்டையை அவிழ்த்து வைத்ததும் வியாபாரிகள் வருகிறார்கள். ஒருத்தர் விரலி மஞ்சளைப் பட்டென்று ஒடித்து, உள்நிறத்தைப் பார்த்து, ஒரு கடி கடித்து, உதட்டைப் பிதுக்குகிறார். சரி, அது தொழில். இன்னொருத்தர் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு கை அள்ளித் தன் துணிப்பைக்குள் போட்டபடியே போகிறார், விலை மட்டும் எழுத மாட்டார்! "என்னங்கண்ணா இது?" என்றால் "சாம்பிளுங்க தம்பி" என்கிறார். வருசம் முழுக்கக் குழம்புக்கு ஆகிற சாம்பிள்.

அப்புறம் பழைய பாக்கி ஒன்றுக்காக இரண்டு பேர் நடு மண்டபத்தில் கத்தத் தொடங்கி, ஒருத்தர் விலைச்சீட்டையே கிழித்தெறிந்துவிட்டார், சமாதானம் பேசி முடிக்கும்வரை மொத்த ஏலமும் நிற்கிறது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? செல்போனில் தெலங்கானாவின் நிசாமாபாத் மஞ்சள் சந்தை விலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஊக வணிகத்தில் விலை இறங்கினால் இங்கே நம் மூட்டைக்கும் இறங்கும். ஏறினால் மட்டும் "ஈரம் இருக்குதுங்களே" என்று ஆரம்பிப்பார்கள். 2016இல் இ-நாம் என்கிற மத்திய அரசின் இணையவழி வேளாண் சந்தை வந்தபோது எல்லாம் கணினி, எல்லாம் வெளிப்படை என்றார்கள். கணினியில் விலை போட்ட அன்றைக்கு சர்வர் படுத்துவிட்டது, அதுவும் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது, பாதி மூட்டை களத்தில் கிடக்கும்போது. தார்ப்பாயைத் தேடி ஓடியவர்கள் நாங்கள்தான்.

கடைசியில் அடிமாட்டு விலை. "பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, உங்க உரிமைங்க" என்று அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். உரிமையாம்! வேண்டாம் என்றால் இறக்கிய கூலி போச்சு, திரும்ப ஏற்றக் கூலி, வண்டி வாடகை, இல்லாவிட்டால் குடோன் வாடகை, அடுத்த ஏலத்துக்கு மறுபடி இதே துணிப்பைக்காரர். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒருத்தர் வேண்டவே வேண்டாம் என்று மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். வீம்பு என்று சிரித்தார்கள். அவருக்குச் சொந்த டெம்போ இருந்தது, உட்கார்ந்தார். வாடகை வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறபோது எனக்கு எங்கே உரிமை? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நேரத்துக்கு ஏலத்தைத் தொடங்குங்கள், சாம்பிளை எடைபோட்டுக் கணக்கில் எழுதுங்கள், சண்டை போடுகிறவர்களை வெளியே அனுப்புங்கள். இதற்கெல்லாம் சர்வர் வேண்டாம்.