லிஃப்ட் தூக்குவது பாடியை மட்டும்தான்

சுசுகி ஜிம்னியில் 235/75 ஆர்15 அளவுள்ள பெரிய டயர் மாட்ட 4 இன்ச் லிஃப்ட் (சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவது) கட்டாயம் என்கிறது ஒரு கட்டுரை. அவ்வளவு வேண்டாங்க. 2 இன்ச் போதும், முன் பம்பர் ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும். லிஃப்ட் பாடியைத்தான் தூக்கும்; சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலில் இருக்கிற கியர் பகுதியான டிஃபரன்ஷியல் பாறையில் இடிக்காமல் இருக்க டயர்தான் பெரிதாகணும். டயர் விட்டம் 27.3 இன்ச்சிலிருந்து 28.9க்குப் போனால் அடியில் முக்கால் இன்ச் இடைவெளி கூடும்.

நான் முதலில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டும் மாற்றினேன். 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் அலைந்தது, நெஞ்சு பதறிவிட்டது. உயரம் கூடியதில் காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு, வண்டியை நேராக ஓட வைப்பது) குறைந்துபோயிருந்தது. அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போட்ட பிறகுதான் நேராக ஓடியது. ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்டு ராடும் நீளம் மாற்றக்கூடியதாக வாங்குங்கள், இல்லையென்றால் ஆக்சில் ஒரு பக்கமாக ஒதுங்கும். முக்கியமாக, வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் முழுசாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) விறைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.