மறுபடியும் அந்தக் கொரிய வீடியோ

நேற்றிலிருந்து அந்தக் கொரிய வீடியோ மறுபடி சுற்றுகிறது. எது என்று உங்களுக்கே தெரியும். "அங்கேயும் அப்பாவை அப்பா என்கிறார்கள், ஆகவே கொரியன் தமிழிலிருந்து வந்தது." முடிந்தது ஆராய்ச்சி.

சரி, அதே தராசில் 'மாமா'வையும் வைப்போம். நமக்கு அம்மாவின் அண்ணன் தம்பி, இல்லையென்றால் மாமனார். சீனத்தில் அம்மா. சுவாஹிலியிலும் அம்மா. ஜார்ஜிய மொழியில் அப்பா! அங்கே அம்மாவுக்கு 'தெதா'. ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியில் மலைமேல் வாளோடு நிற்கும் தாய்ச் சிலைக்குப் பெயரே கார்ட்லிஸ் தெதா. இப்போது யார் யாருக்கு மாமா?

காரணம் ஒன்றும் ரகசியமல்ல. மழலைக்கு முதலில் சுலபமாக வருவது உதட்டை மூடித் திறக்கும் ம, ப ஒலிகள். மார்பில் வாய் வைத்திருக்கும்போது மூக்கு வழியாக 'ம்ம்' மட்டும்தான் வரும். தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று பெற்றவர்கள் பூரித்துப் போகிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் இதை 1960இலேயே எழுதிவிட்டார். எந்த ஊரிலும் தானாக முளைக்கும் சொற்களை வைத்து மொழியுறவு பார்க்க முடியாது. முடியவே முடியாது.

உறவென்றால் ஒலிமாற்றம் வரிசையாக வரவேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பாம்பு–ஹாவு. கன்னடத்தில் சொல் முதல் 'ப' இப்படிக் கொத்தாக 'ஹ' ஆகியிருக்கிறது. பழங்கன்னடத்தில் அதுவும் 'ப'தான். கொரியனில் ஒன்று முதல் ஐந்து வரை: ஹனா, துல், செத், நெத், தாசொத். எங்கே, வரிசையைக் காட்டுங்கள்?

"அமெரிக்கப் பாதிரியார் ஹல்பர்ட் 1905லேயே எழுதினாரே!" எழுதினார், கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகமே போட்டார். மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. "தமிழ் இளவரசி கப்பலில் போய்க் கொரிய மன்னனை மணந்தாளே!" அந்தக் கதை இருக்கும் பழைய கொரிய நூல் சம்குக் யுசா சொல்வது 'அயுதா' என்ற நாட்டை. அதைக் கன்னியாகுமரியில் கொண்டுவந்து கட்டியது நம்மவர்கள். சரி, போனாள் என்றே இருக்கட்டும். மருமகள் வந்து இறங்கும்வரை அந்த ஊர்க் குழந்தைகள் வாயே திறக்கவில்லையா?

இதைச் சொன்னால் தமிழ்த் துரோகி. உள்பெட்டியில் வந்து திட்டுகிறவர்களுக்குத் தொல்காப்பியம் எத்தனை அதிகாரம் என்று தெரியுமா? மூன்று அதிகாரம், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல். அதில் எழுத்துப் பிறக்கும் இடத்துக்குத் தனி இயலே உண்டு. 'ப', 'ம' இரண்டும் இதழ் இயையப் பிறக்கும் என்று அதிலேயே இருக்கிறது. அதைப் படிக்காமல் தமிழ்ப் பெருமை பேச வெட்கமாக இல்லையா?

பெங்களூரில் பால் பாக்கெட்டில் 'ஹாலு' என்று அச்சடித்தே விற்கிறார்கள். கூடப்பிறந்த மொழி. அதற்கு ஒரு வீடியோ கிடையாது. கொரியாக்காரன் 'அப்பா' என்றால்தான் நமக்குப் புல்லரிக்கிறது.