கொம்பியூட்டர் கலண்டருக்கு வெள்ளாமை வெட்டுத் தெரியாது

போன கிழமை ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, கட்டட வேலைக்குத் திட்டம் போடுற இந்தப் புரொஜெக்ற் சொவ்ற்வெயர் எல்லாம் வன்னிக்குச் சரிவருமோ?" இன்பொக்ஸில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டது. அதனால் இங்கேயே போடுகிறேன்.

சரிவரும். ஆனால் வீடு எந்தத் திகதியில் முடியும் என்று அது சொல்லிவிடும் என நம்பி வாங்காதீர்கள். எது முடிந்தால்தான் எதைத் தொடங்கலாம் என்று நம்மை உட்கார்ந்து எழுத வைக்குமே, எனக்கு அதுதான் பெரிய உதவி.

சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் ஒரு மாடி வீடு செய்தோம். திட்டமெல்லாம் மேசன் பாஸின் தலைக்குள்ளும் என் கொப்பியிலும். சிலாப்புக்குச் சட்டரிங் அடித்து, கம்பி கட்டி, மணலும் கல்லும் பறித்து, வாடகை மிக்சரும் வந்து நிற்கிறது. விடிந்தால் கொங்கிறீற். இரவு எட்டு மணிக்குப் பாஸ் கேட்கிறார்: "தம்பி, வயரிங் பைப் எங்கை?" கொங்கிறீற் போட முன் சிலாப்புக்குள் வைக்க வேண்டியது அது. வயரிங்காரப் பொடியன் முல்லைத்தீவில் வேறொரு வேலையில் நிற்கிறான். நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

அந்த மாதம் முழுக்க நாங்கள் எதைத் துரத்திக்கொண்டு திரிந்தோம் தெரியுமா? கதவுப் பலகையை. அது தேவைப்பட இன்னும் மூன்று மாதம் இருந்தது.

1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபொன் கம்பனி தன் ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய 'கிரிட்டிக்கல் பாத்' கணக்கு இதைத்தான் பார்க்கிறது. எந்த வேலை ஒரு நாள் பிந்தினால் முழு வீடும் ஒரு நாள் பிந்தும், எது கொஞ்சம் பிந்தினாலும் பாதகமில்லை என்று பிரித்துக் காட்டும். வயரிங் பைப் முதல் வகை, கதவுப் பலகை இரண்டாவது.

அப்புறம் கலண்டர். மைக்ரோசொவ்ற் புரொஜெக்ற்றைத் திறந்தால் திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் இருக்கும். நம் ஆட்கள் சனியும் வேலை. சரி, அதை மாற்றிவிடலாம். ஆனால் சிலாப்புக்குக் கீழே கொடுத்த முட்டுப் பிரிக்க 14 நாள் என்று அப்படியே அடித்தால் அது வேலை நாளை மட்டும் எண்ணி, திங்களில் தொடங்கினால் 16 நாளாக்கிவிடும். சீமெந்து ஞாயிற்றுக்கிழமையும் இறுகும் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கென்று லீவு நாளையும் சேர்த்து எண்ணும் தொடர்நாட் கணக்கு உள்ளே இருக்கிறது. காலபோக நெல் வெட்டு தொடங்கினால் கூலிக்கு ஆள் கிடைக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கதவு நிலை வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சைற்றில் ஒருவரும் நிற்கமாட்டார்கள். இவ்வளவையும் கலண்டரில் போடாமல் வேலைத் திட்டச் சாட் கீறினால் அது கொழும்பு ஒபிஸுக்குக் கீறிய சாட்.

பெரிய வேலைகளில் இந்தச் சாட்டைக் கலர் கலராக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் மூன்று மாதமாக ஒருவரும் தொடவில்லை. அதற்குக் கொப்பியே மேல்.

நான் இப்போது பாவிப்பது கான்ற்புரொஜெக்ற் (GanttProject) என்ற சொவ்ற்வெயர். காசில்லை, இன்ரநெற் இல்லாமலும் வேலை செய்யும். பாஸ் பின்னேரம் வட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்புவார், நான் பத்து நிமிடத்தில் பதிந்துவிடுவேன். முதல் போட்ட திட்டத்தை அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றபோது எந்தத் திட்டமும் நிலைக்கவில்லைத்தான். ஆனால் கடைசியில் ஒரு வீட்டுக்காரர் "நீர்தான் இழுத்தடிச்சனீர்" என்று நின்றபோது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். டீசலுக்கு இத்தனை நாள், அவர் இரண்டாம் கட்டக் காசு தரப் பிந்தியது இத்தனை நாள், என் பிழையில் ஆறு நாள். அந்த ஆறை நானே சொன்னதும் மனிசன் தணிந்துவிட்டார்.

பாஸுக்கு இன்னும் இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் சிலாப்புக்கு முதல்நாள் போன் எடுத்து, "உம்மடை பெட்டியிலை வயரிங் பைப் பச்சையோ சிவப்போ?" என்று கேட்கத் தவறுவதில்லை.