யாருக்குக் கடன் என்று சொல்லாத பிரார்த்தனை

ஏழை நாடுகளின் கடன் பற்றி மதத் தலைவர்கள் வெளியிட்ட அந்தக் கூட்டறிக்கையை எல்லோரும் பகிர்ந்து முடித்துவிட்டீர்கள். பாதிரியார், இமாம், ரப்பி, பிக்கு, சுவாமிஜி என ஐந்து பேரும் சேர்ந்து ஒரு விளக்கு ஏற்றும் படம். படம் அருமை, குறை சொல்லவில்லை. "ஏழை நாடுகளின் கடன் சுமை நீங்கட்டும்." நீங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வரைவில் இருந்த நான்கு வரி, தனியார் கடன் பத்திரக்காரர்களை, அதாவது அரசுகள் விற்கும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருக்கும் தனியாரை, பற்றிய அந்த நான்கு வரி, எங்கே போயிற்று என்று கேட்டால் "கொஞ்சம் அரசியலாகத் தெரிந்தது" என்று பதில் வருகிறது.

யாருக்குக் கடன்? எந்த நாட்டுச் சட்டப்படி? எந்தக் கோர்ட்டில் வழக்கு வரும்? இந்த மூன்றும் இல்லாத அறிக்கையால் ஒரு டாலர்கூடக் குறையாது.

1998 மே 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜி8 என்ற எட்டு வல்லரசுகளின் மாநாட்டைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். ஜூபிலி 2000 இயக்கம். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த பெயர்தான். ஆனால் அவர்கள் வசனத்தோடு நிற்கவில்லை. பணக்கார அரசுகள், ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி என்று ஆளைக் காட்டிக் கேட்டார்கள். மறு ஆண்டே ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த ஜி8 மாநாட்டில் கடன் நிவாரணத் திட்டம் விரிவானது. ஒரு நாட்டின் கடன், வருங்காலத் தவணைகளை அன்றைய மதிப்புக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் ஆண்டு ஏற்றுமதியைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் தகுதி என்று வரம்பைத் தளர்த்தினார்கள். 2005இல் ஐஎம்எஃப், உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி ஆகியவற்றுக்கான பாக்கியையும் தள்ளுபடி செய்ய முடிவானது. அப்படிக் கடன் குறைந்த ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா, 2006 ஏப்ரலில் கிராமப்புற சுகாதார நிலையங்களில் நோயாளிக் கட்டணத்தையே எடுத்தது. முகவரி எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதே ஜாம்பியா 2012, 2014, 2015 ஆண்டுகளில் சர்வதேசச் சந்தையில் 300 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. கடைசிப் பத்திரத்துக்கு வட்டி 8.97 சதவீதம். சட்டம் இங்கிலாந்துச் சட்டம். 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணை கட்ட முடியாமல் திவாலானது. ஏழை நாடுகளின் கடனை மறுசீரமைக்க, அதாவது தவணையையும் வட்டியையும் மாற்றி எழுத, ஜி20 நாடுகள் அப்போதுதான் கொண்டுவந்த 'பொதுச் சட்டகத்தில்' 2021 தொடக்கத்தில் விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகளுடன் உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிற்று. பத்திரக்காரர்களுடன் போட்ட முதல் ஒப்பந்தத்தை, "நாங்கள் விட்டுக்கொடுத்த அளவு இவர்கள் விடவில்லை" என்று அந்த அரசுகளே 2023 நவம்பரில் ஒதுக்கித் தள்ளின. பத்திரக்காரர்களுடன் முடிய 2024 ஜூன். இத்தனை இழுபறியில் தெய்வத்தின் கையில் இருந்தது எவ்வளவு, லண்டன் வக்கீல்கள் கையில் இருந்தது எவ்வளவு?

டோனிகல் வழக்கு தெரியாதவர்களுக்காக. 1979இல் ருமேனியா டிராக்டர் முதலிய விவசாய இயந்திரங்களுக்காக ஜாம்பியாவுக்குக் கொடுத்த சுமார் 1.5 கோடி டாலர் கடன். 1999இல் டோனிகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அதைச் சுமார் 33 லட்சம் டாலருக்கு ருமேனியாவிடமிருந்து வாங்கியது. பிறகு 5.5 கோடி கேட்டு லண்டனில் வழக்கு. 2007இல் ஜாம்பியா 1.5 கோடிக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. ஊர் கூடி விட்டுக்கொடுத்ததில் ஒருவர் பை நிறைந்தது. இந்த மாதிரி வேலையைத் தடுக்க, வழக்குப் போட்டு வசூலிக்கும் தொகைக்கு வரம்பு வைத்து பிரிட்டன் 2010இல் சட்டம் போட்டது. நல்ல சட்டம், ஆனால் பழைய கடன்களுக்கு மட்டும். 2012 முதல் விற்ற பத்திரத்தை அது தொடவே தொடாது. நீக்கப்பட்ட நான்கு வரி கேட்டது இதைத்தான். புதிய கடனுக்கும் அந்தச் சட்டத்தை நீட்டுங்கள் என்று. இதில் அரசியல் வாடை எங்கே ஐயா அடிக்கிறது?

இலங்கையைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் திவால் அறிவிப்பு. அந்த ஜூலையில் முதிர வேண்டிய 100 கோடி டாலர் பத்திரத்தில் 25 கோடிக்குச் சற்று மேல் ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற ஒரே நிறுவனத்தின் கையில். நியூயார்க்கில் வழக்கு. 25 கோடி ஏன் முக்கியம்? அந்தப் பத்திரத்தின் நிபந்தனைகளை மாற்ற, மதிப்பில் 75 சதவீதத்தை வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் ஒருவர் வைத்திருந்தால், மீதிப் பேர் அத்தனை பேரும் தலையாட்டினாலும் காரியம் நடக்காது.

"வாங்கினவன் கட்ட வேண்டாமா?" வந்துவிட்டீர்களா, வாருங்கள். ஜாம்பியா 2015இல் அந்தக் கடைசிப் பத்திரத்தை விற்றபோது அமெரிக்க அரசு சுமார் 2 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. ஜாம்பியாவிடம் 8.97 எதற்கு? பணம் திரும்பாமல் போகலாம் என்பதற்கான கூலி அது. கூலியை வருடா வருடம் வாங்கிக்கொண்டு, ஆபத்து வந்ததும் முழு முதலும் வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

"தள்ளுபடி செய்தால் ஆட்சியாளர்கள் தின்றுவிடுவார்கள்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கும் வழி இருந்தது. உகாண்டாவில் கடன் தள்ளுபடியில் மிச்சமான பணத்தை வறுமை ஒழிப்புக்கென்று தனிக் கணக்கில் வைத்து, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று வெளியிட்டார்கள். ஓட்டையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வட்டியாகப் போகும் பணத்துக்கு இப்படி எவரும் கணக்குக் கேட்பதில்லையே.

"சீனா?" சீனாவையும் எழுதுங்கள். ஜாம்பியா மற்ற நாட்டு அரசுகளுக்குத் தர வேண்டியிருந்த, 2023இல் மறுசீரமைத்த 630 கோடி டாலரில் பெரும்பகுதி சீனாவுக்குத்தான். பெயர் சொல்லுங்கள் என்று கத்துகிறவனிடமே வந்து இந்தப் பெயரை ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள்.

"மதத் தலைவர்கள் சட்ட நுணுக்கம் பேசலாமா?" இதுதான் எரிகிறது. உங்கள் நூல்கள் பேசுகின்றனவே! உபாகமம் 15 ஏழாம் வருடம் விடுதலை என்கிறது. குர்ஆன் 2:280, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடு, விட்டுவிட்டால் இன்னும் நல்லது என்கிறது. மனுவில் எனக்கு ஒத்துவராதது ஆயிரம் உண்டு, ஆனால் ஒரே தடவையில் வசூலிக்கும் வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்று அதுகூடச் சொல்கிறது. தாம்துபத் என்ற பெயரில் பம்பாய் நீதிமன்றங்கள் அதைப் பின்பற்றின. வருடம் இருக்கிறது, வரம்பு இருக்கிறது, யார் விட வேண்டும் என்பது இருக்கிறது. அன்று எழுதியவர்களுக்கு இருந்த துணிச்சல், மேடையில் நின்ற ஐவருக்கு இல்லாமல் போனதா, அல்லது யாராவது நன்கொடையாளர் முகம் சுளித்தாரா?

நன்கொடை என்றதும் இன்னொன்று. உங்கள் திருச்சபையோ அறக்கட்டளையோ ஓய்வூதியப் பணத்தை எந்த ஃபண்டில் போட்டிருக்கிறது? பொருளாளரிடம் கேளுங்கள். அந்த ஃபண்டின் ஆண்டறிக்கையில் வளரும் நாடுகளின் பத்திரப் பட்டியலைப் புரட்டுங்கள். ஜாம்பியா, கானா, இலங்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், மறுசீரமைப்பு ஓட்டெடுப்பில் உங்கள் ஃபண்ட் எந்தப் பக்கம் கை தூக்கியது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.