அறுபதில் போடும் கணக்கு எண்பதில் தாங்குமா?

ஓய்வு பெற்றபின் ஆசியாவில் குறைந்த செலவில் நிம்மதியாக வாழலாம் என்று சொல்லும் பட்டியல்கள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வருகின்றன. தாய்லாந்தின் சியாங் மாய், மலேசியாவின் பினாங்கு, வியட்நாமின் டா நாங், பிலிப்பைன்ஸின் செபு, இந்தோனேசியாவின் பாலி. ஒவ்வோர் ஊருக்கும் எதிரே வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, வேலைக்கு ஆள் வைத்தால் இவ்வளவு என்று ஒரு தொகை. லண்டனிலும் டொராண்டோவிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த நம்மவர்கள் பலர் அந்தத் தொகைகளை ஆசையோடு பார்க்கிறார்கள். அந்த ஆசையில் ஒரு தவறும் இல்லை. எனக்குக் கோபம் அந்தப் பட்டியல்களின் மேல்தான். கணவனும் மனைவியும் அறுபத்திரண்டு வயதில், இருவரும் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒரு வீட்டின் செலவைத்தான் அவை கணக்கிடுகின்றன. எண்பத்திரண்டு வயதில் அந்த வீட்டில் யார் மிஞ்சியிருப்பார், அவருக்கு என்ன செலவாகும், அந்த நாடு அவரை வைத்துக்கொள்ளுமா என்று அவை கேட்பதே இல்லை.

வைத்துக்கொள்ளுமா என்பதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது.

இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ள நாடு தாய்லாந்து. ஐம்பது வயது நிறைந்தவர் ஓய்வுக்காலம் என்ற அடிப்படையில் ஓராண்டு தங்க அனுமதி கேட்கலாம். அதற்கு அந்நாட்டு வங்கியில் 8 லட்சம் பாத் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் வேண்டும். வங்கியில் போட்ட பணத்தை எடுத்துச் செலவழித்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019இல் வந்த விதிப்படி, அனுமதியைப் புதுப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பும் மூன்று மாதம் பின்பும் முழுத் தொகையும் கணக்கில் இருக்க வேண்டும்; மற்ற மாதங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரியைத் தெரிவிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் ஒழுங்காக இதையெல்லாம் செய்தவரும் இருபத்தோராவது ஆண்டில் மறுபடி ஒரு விண்ணப்பதாரர்தான். அவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது.

இந்த விதிகளை நான் குறை சொல்லவில்லை. தன் மண்ணில் யார் தங்கலாம் என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு. அந்த உரிமை எந்த நாளும் பயன்படுத்தப்படலாம் என்பதை அங்கே போகிறவர் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. வருமானச் சான்றாகத் தங்கள் தூதரகம் கொடுத்த கடிதத்தை வைத்துப் பலர் ஆண்டுக்கணக்கில் விசாவைப் புதுப்பித்து வந்தார்கள். 2019 தொடக்கத்தோடு பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அந்தக் கடிதத்தை நிறுத்திவிட்டன. 2024 ஜனவரி முதல், ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் வசிப்பவர் அந்த ஆண்டு தொடங்கி வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அதற்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்றானது. ஒரே வருமானத்துக்கு இரு நாடும் வரி வாங்காமல் தடுக்கும் இரட்டை வரி ஒப்பந்தங்கள் பலரைக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனாலும் எழுபத்தைந்து வயதில் வரி ஆலோசகரைத் தேடி அலைவது எந்தப் பட்டியலிலும் இல்லாத செலவு.

மலேசியாவில் நடந்தது இன்னும் கடுமை. 2002இல் தொடங்கிய ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் ஐம்பது கடந்தவர் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத் தொகையும் மாதம் 10,000 ரிங்கிட் வருமானமும் காட்டினால் பத்து ஆண்டு விசா கிடைத்துவந்தது. 2021இல் ஒரே அறிவிப்பில் வைப்புத் தொகை 10 லட்சம் ரிங்கிட்டாகவும் வருமானம் மாதம் 40,000 ரிங்கிட்டாகவும் ஏறின. ஏற்கெனவே வீடு வாங்கிக் குடியேறிவிட்டவர்களும் புதிய நிபந்தனைக்குள் வர வேண்டும் என்றுதான் முதலில் சொன்னார்கள். சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் மாநிலத்தின் சுல்தானே வெளிப்படையாக எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்தபின் பழையவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. 2024இல் திட்டம் மறுபடி மாறியது. இப்போது வீடு வாங்குவதும் நிபந்தனை. 2021ஆம் ஆண்டின் அந்தச் சில வாரங்கள் அங்கிருந்த முதியவர்களுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வியட்நாமில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி விசாவே கிடையாது, இருப்பது 90 நாள் மின்விசா. அப்படியிருந்தும் டா நாங் எல்லாப் பட்டியலிலும் முன்னணியில் நிற்கிறது.

அடுத்தது ஓய்வூதியம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயரும். ஆனால் நீங்கள் தாய்லாந்திலோ மலேசியாவிலோ வியட்நாமிலோ வசித்தால் உங்களுக்கு அந்த உயர்வு கிடைக்காது. இந்தியாவிலும் இலங்கையிலும் வசித்தாலும் இதே நிலைதான். நாட்டை விட்டுப் போகும்போது என்ன தொகையோ, அல்லது வெளிநாட்டில் இருந்தபடியே முதல்முறை பெறும்போது என்ன தொகையோ, அது அப்படியே உறைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் முழு அடிப்படை ஓய்வூதியம் வாரத்துக்கு 67.50 பவுண்டு. அந்த ஆண்டில் ஓய்வு பெற்று இந்த நாடுகளில் ஒன்றில் குடியேறியவர் இன்றும் அதே 67.50 பவுண்டைத்தான் வாங்குகிறார். அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்றுப் பிரிட்டனிலேயே இருந்துவிட்டவருக்கு 2024இல் அது 169.50 பவுண்டு. இருவரும் ஒரே அளவு பங்களிப்புச் செலுத்தியவர்கள். பிலிப்பைன்ஸில் குடியேறியிருந்தால், அந்நாட்டோடு பிரிட்டனுக்கு ஒப்பந்தம் இருப்பதால் உயர்வு கிடைத்திருக்கும். இந்த ஒரு விவரத்தால் மட்டும் எத்தனையோ பேருடைய முடிவு மாறியிருக்கும். வாடகையை டாலரில் போடும் பட்டியலில் இதற்கு ஒரு வரி இடம் இல்லை.

கனடாவில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு வேறு கணக்கு. பதினெட்டு வயதுக்குப் பிறகு இருபது ஆண்டுகளாவது கனடாவில் வசித்திருந்தால்தான் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் வெளிநாட்டில் தொடர்ந்து வரும்; இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நின்றுவிடும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குத் தரும் உத்தரவாத வருமானத் துணைத்தொகையோ எத்தனை ஆண்டு வசித்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும். பிள்ளைகள் ஸ்பான்சர் செய்து ஐம்பது வயதுக்கு மேல் அழைத்துக்கொண்ட அம்மாக்கள், அப்பாக்கள்தான் அந்தத் துணைத்தொகையை மிகுதியும் நம்பியிருப்பவர்கள். செலவு குறைந்த ஊருக்குப் போய் இருந்துவிடலாம் என்று அதிகம் ஏங்குகிறவர்களும் அவர்களே.

நாணயம் இன்னொரு பக்கம் அடிக்கும். 2007இல் ஒரு பவுண்டுக்கு 65 பாத்துக்கு மேல் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகுவது பற்றிய பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பின் 2017 வாக்கில் அது 43 பாத் அளவுக்கு இறங்கியிருந்தது. மாதம் 1,000 பவுண்டு பெற்ற ஒருவர் 2007இல் அந்த வருமானத்தைக் காட்டியே விசா வாங்கியிருக்கலாம். பத்து ஆண்டில் அதே ஆயிரம் பவுண்டு விசாத் தகுதியில் மூன்றில் இரண்டு பங்குதான். அவர் ஊதாரித்தனம் எதுவும் செய்யவில்லை, வாக்கெடுப்பு நடந்ததும் அவர் வசித்த நாட்டில் அல்ல. எதிர்த்திசையிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2022இல் இலங்கை ரூபாய் டாலருக்கு 200இல் இருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது, டாலர் வைத்திருந்தவருக்குக் கணக்கின்படி எல்லாமே மலிவு. ஆனால் எரிபொருளுக்கு வரிசை, மருந்துக் கடையில் மருந்து இல்லை. நீரிழிவோடு வாழும் முதியவர் அந்த மலிவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

மருத்துவத்துக்கு வந்துவிட்டேன். உண்மையில் எண்பதாம் வயதின் கணக்கு இதுதான். பாங்காக்கிலும் பினாங்கிலும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன, ஐயமில்லை. ஆனால் அவை தனியார் மருத்துவமனைகள், பணம் கட்ட வேண்டும். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை அங்கே வசிப்பவர்களுக்கானது; நிரந்தரமாக வெளியேறியவர் சிகிச்சைக்காக மட்டும் விமானம் ஏறி வந்தால் மருத்துவமனைக் கட்டணம் கேட்பார்கள். அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக அந்நாட்டுக்கு வெளியே செல்லாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவக் காப்பீட்டைத் தக்கவைக்கப் பொதுவாக எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். ஆக, தனியார் காப்பீடுதான் வழி. அதன் பிரீமியம் வயதோடு ஏறிக்கொண்டே போகும். ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கிவிடுவார்கள். எழுபதைத் தாண்டியபின் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்கள் குறைவு. குறைந்த வாடகையில் பத்து ஆண்டு சேமித்த பணம் ஓர் இடுப்பெலும்பு முறிவில் போய்விடலாம்.

இதைவிட எனக்கு மனத்தை அழுத்துவது, மிஞ்சியிருக்கும் மனைவியின் நிலை. நம் வீடுகளில் விசாத் தாள்கள், வங்கிக் கணக்கு எல்லாம் பெரும்பாலும் கணவர் பெயரில்தான் இருக்கும். அவரைச் சார்ந்தவர் என்ற பெயரில் மனைவி தங்கியிருந்தால், கணவர் இறந்ததும் அந்த அடிப்படையே இல்லாமல் போகிறது. தாய்லாந்தில் கணவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்கு, நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமிக்கும் வரை முடங்கிக் கிடக்கும். துக்கத்தின் நடுவே, மொழி தெரியாத அலுவலகங்களில், தன் பெயரில் புதிய விசாவுக்கு அந்த அம்மாள் நிற்க வேண்டும். பிள்ளைகள் வேறு கண்டத்தில். திட்டம் போடும்போதே அவரை எதிரே உட்காரவைத்து இதைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே உள்ளவர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2025இல் தாய்லாந்தின் குறைந்தபட்ச நாள்கூலி மாகாணத்தைப் பொறுத்து 337 முதல் 400 பாத். மாதம் முழுக்க உழைத்தாலும் ஏறத்தாழ 10,000 பாத். ஓய்வுக்கால விசாவுக்குக் கேட்கும் மாத வருமானம் அதைப் போல ஆறு மடங்கு. அறுபது வயதான தாய்லாந்துக்காரருக்கு அரசு தரும் முதியோர் உதவி மாதம் 600 பாத்தில் தொடங்குகிறது. நாம் மலிவு என்று சொல்வது இவர்களுடைய கூலியை. 1986இல் ஜப்பானிய அரசின் வணிக, தொழில்துறை அமைச்சகம், ஓய்வு பெற்றவர்களை வெளிநாடுகளில் குடியமர்த்த ‘சில்வர் கொலம்பியா’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தபோது, முதியவர்களை ஏற்றுமதி செய்யப் பார்க்கிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனம் சரி என்றே நினைக்கிறேன். சியாங் மாய் பக்கம் ஜெர்மன் மொழி பேசும் மறதிநோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லங்கள் இயங்குகின்றன. அங்கே பராமரிக்கும் பெண்களின் பொறுமையையும் கனிவையும் நான் மதிக்கிறேன். ஆனால் தாய்லாந்திலேயே இன்று ஐந்தில் ஒருவர் அறுபது கடந்தவர். பிறப்பு விகிதமோ பல ஆண்டுகளாகச் சரிந்துவருகிறது. இன்னும் இருபது ஆண்டில் அந்தப் பெண்களுக்குத் தங்கள் சொந்தத் தாய் தந்தையைப் பார்க்கவே நேரம் போதாது. குறைந்த கூலிக்குப் பராமரிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் எண்பதாம் வயதை ஏற்றிவைப்பது ஆபத்து.

போகவே கூடாது என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. விலை ஏறினாலும் அந்த ஊரில்தான் இருப்பேன் என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இருந்தால் போங்கள். பினாங்கில் தமிழில் பேசி நாளைக் கழிக்கலாம், அது ஒரு நல்ல காரணம். மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், ஜொகூரில் இருந்தால் வாரம் ஒருமுறை பார்க்கலாம், அது அதைவிட நல்ல காரணம். வாடகை குறைவு என்பது மட்டும் காரணமாக இருந்தால், அது மாறும் நாளில் உங்களிடம் வேறொன்றும் இருக்காது.

போவதென்றால் முதலில் வாடகைக்கு இருங்கள். வீடு வாங்க அவசரப்படாதீர்கள். முழு ஓராண்டு இருந்து பாருங்கள், குறிப்பாக மோசமான பருவத்தில். சியாங் மாயைப் பற்றிய படங்களெல்லாம் டிசம்பரில் எடுத்தவை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகையில் மலையே கண்ணுக்குத் தெரியாத நாட்கள் உண்டு, ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஏற்ற இடமல்ல. திரும்பி வருவதற்கான பணத்தை, அதாவது விமானச் செலவு மட்டுமல்ல, பழைய நாட்டில் ஓராண்டு வாடகையும் சேர்த்து, எந்தச் சூழலிலும் தொடாத தனிக் கணக்கில் வையுங்கள். அந்தக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்கட்டும். இரு நாட்டுக்கும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். விசாவைப் புதுப்பிக்கப் போகும் ஒவ்வொரு முறையும் மனைவியையும் உடன் அழைத்துப் போய், எந்தத் தாளை எந்த மேசையில் கொடுப்பது என்று காட்டி வையுங்கள்.