கண் பார்த்து இலத்திரன் மாறுவதில்லை

மட்டக்களப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது: “இரட்டைப் பிளவுப் பரிசோதனையில் மனிதன் பார்த்தால் இலத்திரன் மாறும், ஆகவே மனதால் நீரிழிவையும் மாற்றலாம்.” தவறு. இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பரிசோதனையில் இலத்திரன்களை இரு நுண்ணிய பிளவுகளூடாக அனுப்பினால், திரையில் வரிவரியாகத் தலையீட்டுக் கோலம் விழும். அதை அழிப்பது கண்ணல்ல, இலத்திரன் எவ்வழியால் வந்தது என்ற தடயம். 2004இல் வியன்னாவில் இதேபோன்ற கோலம் தரும், 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினார்கள். சூடேறிய மூலக்கூறு தானே ஒளியை உமிழ்ந்து தன் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. சூடு கூடக் கூடக் கோலம் மங்கியது. அந்த ஒளியை எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இதை ஒளியைக் கொண்டு உயர்தர மாணவர் வீட்டிலேயே செய்யலாம்; தலைமுடியின் இரு பக்கங்களே ஒளிக்கு இரு வழிகள். 650 நனோமீற்றர் சிவப்பு லேசர், 0.07 மில்லிமீற்றர் தலைமுடி, 3 மீற்றர் தள்ளிச் சுவர்: கருங்கோடுகள் ஏறத்தாழ 2.8 சென்ரிமீற்றருக்கு ஒன்று விழும். கதிர் கண்ணில் படக்கூடாது. முடியின் இடப்பக்கம் ஒரு போலரொயிட் துண்டு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), வலப்பக்கம் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய இன்னொன்று வைத்தால், ஒளி வந்த வழி அதன் அதிர்வுத் திசையில் தடயமாகப் பதிந்து, கோடுகள் மறையும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: லேசரின் முனைவாக்கம் (அதன் ஒளி அதிரும் திசை) ஒரு துண்டோடு ஒத்துப்போனால் மறுபக்கம் இருண்டே கோடு போய்விடும். லேசரைச் சுழற்றி, இரு பக்கமும் சம வெளிச்சம் வந்தபிறகே பாருங்கள்.