கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை

அந்தக் காணொளியைப் பார்த்திருப்பீர்கள். யூத ஜெபாலயத்தில் 'அதோன் ஓலாம்' என்னும் எபிரேயத் துதிப்பாட்டைப் பாடுகிறார்கள், மெட்டு ஒரு காதல் பாட்டினுடையது. மூன்று நாளாகக் கீழே ஒரே வசை. மெட்டு எங்கிருந்து வந்தது என்றே எல்லாரும் கத்துகிறார்கள். ஜெபத்தில் அது உட்கார்ந்ததா? கேட்க வேண்டியது அதுதான்.

அதோன் ஓலாமில் அரையடிக்கு எட்டு அசை. அஷ்கநாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர் வழக்கில் 20 அரையடி. அளவு இவ்வளவு சீராக இருப்பதால்தான் கண்ட மெட்டும் அதில் ஏறுகிறது. நாலு அரையடி மெட்டு என்றால் ஐந்து சுற்றில் முடிந்துவிடும். எட்டு அரையடி மெட்டு இரண்டரைச் சுற்றுதான் வரும். "கர்த்தர் என் பட்சத்தில் இருக்கிறார், நான் பயப்படேன்" என்னும் கடைசி அடியில் மெட்டு பாதியிலேயே அறுந்து நிற்கும். காணொளியில் நடந்த பிழை இதுதான். இதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

"முன்னோர் இப்படிச் செய்தார்களா?" செய்தார்கள். 1587இல் ஸஃபேதில் அச்சான 'ஸெமிரோத் இஸ்ராயேல்' நூலில், இது இன்ன துருக்கிப் பாட்டின் மெட்டு, இன்ன அரபுப் பாட்டின் மெட்டு என்று பாட்டுகளின் தலைப்பிலேயே குறித்தார் எபிரேயக் கவிஞர் இஸ்ராயேல் நஜாரா. அவர் காலத்து இன்னொரு கவிஞர் மெனாகேம் தெ லொன்ஸானோ அவரைச் சாடியது மெட்டுக்காக அல்ல; லொன்ஸானோவே துருக்கி மெட்டுக்கு எழுதியவர். ஸ்பானியக் காதல் பாட்டின் சொல்லோசையை அப்படியே எபிரேயத்தில் கொண்டுவந்ததற்காகச் சாடினார். சரியான கண்டனம். அப்படி எழுதினால் வாய் ஜெபிக்கும், மனம் பழைய பாட்டுக்கு ஓடிவிடும்.

அலெப்போ யூதர்களிடம் போய்க் கேளுங்கள். அந்த சப்பாத்தில், அதாவது ஓய்வுநாளில், வாசிக்கும் தோரா பகுதியை வைத்து முதலில் மகாம் முடிவாகும்; மகாம் என்பது அரபு இசையில் ராகம் மாதிரி. சாராள் இறக்கும் பகுதிக்கு ஹிஜாஸ் என்னும் மகாம். நம் காதுக்கு வகுளாபரணச் சாயல். அந்த மகாமில் உள்ள மெட்டுகளைத் தேடி கதீஷ், கெதுஷா என்னும் ஜெபங்களுக்கு ஹஸான், அதாவது ஜெபத்தைப் பாடி நடத்துபவர், பொருத்துவார். எகிப்திய சினிமாப் பாட்டும் அதில் வரும். இஸ்ரேலின் தலைமை ரப்பியாக இருந்த ஓவாதியா யோசேஃப் அனுமதித்த வழக்கம் இது.

"அப்படியானால் சர்ச் பாட்டையும் எடுக்கலாமா?" கூடாது. வேற்று வழிபாட்டுக்கே உரிய மெட்டைப் போலந்தின் பழைய சட்ட அறிஞர் ரப்பி யோவேல் சிர்கிஸ் தடுத்திருக்கிறார்.

'ஷெமா' என்று தொடங்கும் விசுவாச அறிக்கையில், மெட்டை நிரப்புவதற்காக "ஷெமா, ஷெமா" என்று இரட்டிப்பதும் கூடாது. அப்படிச் சொல்பவரின் வாயை அடைக்கச் சொல்கிறது யூதச் சட்ட நூலான தல்மூத். பாவநிவாரண நாள் இரவில் பாடும் கோல் நித்ரே மெட்டில் கை வைத்தால் நானே முதல் ஆளாகச் சண்டைக்கு வருவேன்.

ஆனால் ஹனுக்கா விளக்குத் திருவிழாவில் நீங்கள் உருகிப் பாடும் 'மாஒஸ் சூர்' பாட்டின் மெட்டும் பழைய ஜெர்மன் நாட்டுப்பாட்டு வழியில் வந்ததுதானே? அதை யாரும் ஏசிப் பார்த்ததில்லை. இங்கே மட்டும் காணொளியில் முன்வரிசையில் இருக்கும் பெரியவரைக்கூட விட்டுவைக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்காமல் 20 அரையடியும் பாடினார் அவர்.